பஃபலோ பனிப்புயல்: ஆல் வீல் டிரைவ் கார் இருந்தால் சமாளித்துவிடலாமா?

வாசகர் கேள்வி, நவம்பர் 12, 2023

ஹூஸ்டனிலிருந்து வேலை மாற்றலாகி பஃபலோ வந்திருக்கிறோம். நகரை ஒட்டிய ஆம்ஹர்ஸ்டில் வாடகை வீடு. மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். ஆபீஸில் யாரைப் பார்த்தாலும் போன வருடப் புயலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னிடம் புது எஸ்யூவி இருக்கிறது, ஆல் வீல் டிரைவ், பனிக்கால டயரும் போட்டாயிற்று. ஆபீஸ் பத்து நிமிடத் தூரம். இது போதாதா? கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறார்களோ என்று தோன்றுகிறது.

நவம்பர் 12, இரவு

அதிகமாகச் சொல்லவில்லை தம்பி. 2022 டிசம்பர் 23 அன்று தொடங்கிய அந்தப் புயலில் ஈரி, நயாகரா என்ற இரண்டு மாவட்டங்களில் மட்டும் 47 பேர் இறந்தார்கள். நானும் ஆம்ஹர்ஸ்ட்தான். அன்று இங்கே இருந்தேன்.

உங்கள் வண்டி பனியில் ஏறும், எளிதில் வழுக்காது, எல்லாம் சரி. கண் தெரியாவிட்டால் எந்த வண்டி என்ன செய்யும்? மணிக்கு 35 மைலோ அதற்கு மேலோ காற்று, கால் மைலுக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலை, இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம் நீடித்தால்தான் அமெரிக்க வானிலை மையம் அதை பிளிசார்ட் என்று சொல்லும். எத்தனை அங்குலப் பனி விழுந்தது என்பது அந்தக் கணக்கிலேயே வராது. போன வருடம் அந்த நிலை 37 மணி நேரம் நீடித்தது. காற்று 70 மைலைத் தாண்டியது.

அன்று காலை எப்படி விடிந்தது தெரியுமா? மழை. 40 டிகிரி ஃபாரன்ஹீட்டை (4 செல்சியஸ்) ஒட்டிய குளிர், இந்த ஊருக்கு அது இதமான டிசம்பர். ஆகவே பலர் வழக்கம் போல வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். சில மணி நேரத்தில் ஃபாரன்ஹீட்டில் ஒற்றை இலக்கத்துக்கு, அதாவது உறைநிலைக்கும் வெகு கீழே, இறங்கிவிட்டது. ஈரி மாவட்டத்தில் வாகனத் தடை வந்தது காலை 9:30-க்கு. அதற்குள் எத்தனையோ பேர் வேலையிடத்தில், கடையில், பாதி வழியில்.

போகலாமா வேண்டாமா என்பதை முந்தின நாள் மாலையே முடிவு செய்துவிட வேண்டும். காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்து முடிவு செய்கிற விஷயமே இல்லை இது. இந்த இழையில் நான் வேறு என்ன எழுதினாலும் அதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நவம்பர் 13

"முன்னறிவிப்பு எப்போதும் தப்பாகத்தானே போகிறது, எங்கள் தெருவில் ஒன்றுமே விழவில்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஏரி செய்கிற வேலை அது. குளிர்ந்த காற்று ஈரி ஏரியின் நீளவாக்கில், அதாவது 240 மைல், தென்மேற்கிலிருந்து வருகிறது. ஏரித் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தால் ஈரத்தை உறிஞ்சி மேலே கொண்டுபோய்ப் பனியாகக் கொட்டுகிறது. கொட்டுவது ஒரு குறுகலான பட்டை. உள்ளூரில் பேண்ட் என்பார்கள். பேண்டுக்குள் இருப்பவன் வீட்டுக் கதவைத் திறக்க முடியாமல் கிடப்பான், பத்து மைல் தள்ளி வெயில் அடிக்கும். 2022 நவம்பரில் ஊருக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆறரை அடிக்கு மேல் விழுந்தது. வடக்கே எங்கள் பக்கம் அந்தக் கதையே இல்லை.

உங்கள் தெருவில் விழவில்லை என்பதால் அறிவிப்பு தப்பு என்று ஆகிவிடாது. காற்று கொஞ்சம் திரும்பியிருந்தால் உங்கள் தெருதான்.

வானிலை மையம் இரண்டு விதமாக அறிவிக்கும். வாட்ச் என்றால் வர வாய்ப்பு இருக்கிறது, சாமான் வாங்கு. வார்னிங் என்றால் வந்துகொண்டிருக்கிறது, வீட்டுக்குள் இரு. வார்னிங் வந்தபின் பால் வாங்கப் போகாதீர்கள்.

நவம்பர் 13, சற்று நேரம் கழித்து

ஏரி உறைந்துவிட்டால் பயமில்லையா என்று கேட்டவருக்கு: ஏரியால் வரும் பனி குறையும், அது உண்மை. ஆனால் 1977 ஜனவரி 28-ஐ இந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஏரி அப்போது உறைந்துதான் இருந்தது. புதிதாக விழுந்த பனி ஒரு அடி அளவுதான். உறைந்த ஏரியின் மேல் அதுவரை குவிந்திருந்த பனியைக் காற்று வாரி எடுத்து வந்து ஊரின் மேல் கொட்டியது. 29 பேர் இறந்தார்கள். அதில் பலரைப் பனியில் புதைந்த கார்களுக்குள் கண்டெடுத்தார்கள்.

நவம்பர் 15

சாப்பாடு. ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். "மூன்று நாளுக்குப் போதும்" என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் போன வருடம் புயல் நின்ற பிறகும் தெருவைத் திறக்கப் பல நாள் ஆனது. அரிசி, பருப்பு நம் வீட்டில் எப்போதும் இருக்கும். கேள்வி அதுவல்ல, மின்சாரம் போனால் எதைச் சாப்பிடுவீர்கள்?

கரன்ட் அடுப்பு என்றால் பருப்பு மூட்டை இருந்தும் பயனில்லை. அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, சத்துமாவு, பிரெட், பழம், பால் பவுடர், குழந்தைக்குப் பழகிய பிஸ்கட். அவலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காய்த் துருவலும் வெல்லமும் போட்டால் அப்பா, அம்மா சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் கூட இருந்தால் பிரெட்டும் இறங்கும். கேஸ் அடுப்பு என்றால் கரன்ட் இல்லாவிட்டாலும் மேல் பர்னரைத் தீக்குச்சியால் பற்றவைக்கலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். கீழே இருக்கும் கேஸ் ஓவன் வேலை செய்யாது. வேலை செய்தாலும் அதைத் திறந்துவைத்துக் குளிர்காயக் கூடாது.

தண்ணீர் பிடித்து வையுங்கள். மூடியே வைத்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள்.

மருந்துதான் முதலில். அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மாத்திரையை ஊரிலிருந்து வரும்போதே அதிகமாக எடுத்துவரச் சொல்லுங்கள், டாக்டர் சீட்டோடு. இன்சுலின் உறையக் கூடாது, ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் யாராவது இதைப் படித்தால்: வாட்ச் வந்த உடனே உங்கள் மையத்துக்குப் போன் செய்து முறையை முன்னால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

இட்லி மாவு பொங்காது, அதற்கு என்ன வழி என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ரவா இட்லி செய்யுங்கள் அம்மா. புயல் முடிந்து வெயில் வந்ததும் பொங்கும்.

நவம்பர் 16

கார் பற்றி. போகாதே என்பதுதான் என் பதில். இருந்தாலும் போய் மாட்டிக்கொள்பவர் இருப்பார்கள், ஆகவே எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்ப்பவர் போன வருடம் தினமும் போகிற தெருவில் மாட்டினார். வீடு நடக்கிற தூரம். தன் காரின் பானெட்டே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவசர உதவி எண் 911-க்குப் போன் செய்தால் இப்போது யாராலும் வர முடியாது என்றார்கள். அவர்கள் பேரில் குற்றமில்லை. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் பனியில் சிக்கிக் கிடந்தன. நகரத்தில் அவசர உதவியே நின்றுபோன நேரம் அது.

இறங்கி நடந்துவிடலாம் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. நடக்கவில்லை, பிழைத்தார். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டி ஹீட்டர் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் எஞ்சினைப் போடும் முன் இறங்கி, ஒரு கையைக் கார் மேலிருந்து எடுக்காமல் தடவிக்கொண்டே பின்பக்கம் போய், புகைக்குழாய் வாயை அடைத்த பனியைத் தோண்டி எடுத்திருக்கிறார். அது அடைத்திருந்தால் புகை உள்ளே திரும்பும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். காற்று அடிக்காத பக்கம் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கியே வைத்திருந்தார். வெளிச்சம் வந்து, எதிர் வீடு கண்ணில் பட்ட பிறகுதான் வெளியே வந்தார்.

டிக்கியில் பனி அள்ளச் சிறிய ஷவல், இரண்டு போர்வை, டார்ச், போன் பவர் பேங்க், குல்லா, கையுறை, சக்கரத்துக்கு அடியில் போட ஒரு பை மணல், கண்ணில் படுகிற நிறத்தில் ஒரு துணி (கதவிலோ ஆன்டெனாவிலோ கட்ட), கடலை மிட்டாய். டேங்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை இதெல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும்.

நவம்பர் 19

"வெளியே போகாதே" என்று திரும்பத் திரும்ப எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அது எல்லோருக்கும் பொருந்தாது. என் மனைவியே செவிலியர். அன்று போன ஷிப்டுக்கு மாற்று ஆள் வர வழியில்லை, வார்டிலேயே தங்கிவிட்டார். கடைசியில் வந்தபோது கால் வீங்கியிருந்தது. இப்போது குளிர்காலம் முழுக்க ஒரு பை கட்டியே வைத்திருக்கிறோம்: இரண்டு செட் உடை, உள்ளாடை, மாத்திரை, சார்ஜர், ஒரு டப்பா புளியோதரைப் பொடி. வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள் திரும்பி வர முடியாது என்று நினைத்தே கிளம்புங்கள்.

இன்னொன்று. வீட்டிலேயே இரு என்று சொல்ல வீட்டில் சூடு இருக்க வேண்டும். போன வருடம் சூடில்லாத வீட்டில் இறந்தவர்களும் உண்டு. வாட்ச் வந்த அன்றே ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி) ஒழுங்காக ஓடுகிறதா, அதன் குழாயைப் பனி அடைக்கவில்லையா என்று பாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லுங்கள். கேஸ் ஃபர்னஸ் என்றாலும் அதன் விசிறி மின்சாரத்தில்தான் ஓடும், கரன்ட் போனால் சூடும் போகும்.

நவம்பர் 19, இரவு

ஃபர்னஸ் குழாய் என்று நான் எழுதியது யாருக்கும் புரியவில்லை போலிருக்கிறது. வெளியே போய்ப் பாருங்கள். புது வகை ஃபர்னஸ் என்றால் வீட்டுப் பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில், வெள்ளை பிவிசி குழாய் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே இழுக்க, ஒன்று புகையை வெளியே விட. புயல் நேரத்தில் காற்று அந்தச் சுவரோடுதான் பனியைக் குவிக்கும்.

அன்று இரவு எங்கள் வீட்டில் ஃபர்னஸ் ஓடும், நிற்கும், மறுபடி முனகும், நிற்கும். கீழே போய்ப் பார்த்தால் சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. முன் கதவைத் திறக்க முடியவில்லை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, பனி அடைத்துவிட்டது. கராஜ் வழியாக, சுவரைப் பிடித்தபடி, அந்த ஐந்தாறு அடி போனேன். குழாய் வாய் தெரியவில்லை. கையால் தோண்டினேன். உள்ளே வளையம் போலப் பனிக்கட்டி பிடித்திருந்தது, புகையின் ஈரம் அங்கேயே உறைந்தது. அதை உடைத்துவிட்டு உள்ளே வந்ததும் ஃபர்னஸ் பிடித்துக்கொண்டது. அந்தக் குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது என்று தெரிந்திருந்ததால் கை உறையும் முன் வேலை முடிந்தது. நீங்களும் வெயில் இருக்கும்போதே பார்த்து, பக்கத்தில் ஒரு நீளமான கம்பு நட்டு வையுங்கள். துணி உலர்த்தும் டிரையருக்கும் அப்படி ஒரு துவாரம் இருக்கும், அதையும் பாருங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் பேட்டரியோடு இருக்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்க வேண்டும். கராஜில் கதவைத் திறந்து வைத்து ஓட்டுவதும் கூடாது.

நவம்பர் 20

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து ஒரு அக்கா அங்கே நடந்ததை எழுதியிருக்கிறார், எல்லோரும் படியுங்கள். 2013 டிசம்பர் உறைமழையில் (விழுந்த இடத்திலேயே உறைகிற மழை) டொராண்டோவில் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டி விஷவாயுவில் மாட்டியவர்கள் பல பேர். ஊரில் கணப்பு போட்ட பழக்கம் நமக்கு உண்டு, ஆனால் அந்த வீட்டில் ஓடு வழியாகக் காற்று வரும். இங்கே வீடு டப்பா போல மூடியிருக்கும்.

கரன்ட் போனால் எல்லோரும் ஒரே அறைக்கு வந்துவிடுங்கள். கதவு இடுக்கில் துண்டு வையுங்கள், ஜன்னலில் கம்பளி. வெளிச்சுவரை ஒட்டிய குழாயில் நூல் போலத் தண்ணீர் ஒழுகட்டும், சிங்க் அடிக் கதவைத் திறந்து வையுங்கள். தண்ணீர் மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

டிசம்பர் 3

அப்பா, அம்மா வந்துவிட்டார்கள் என்று படித்தேன், சந்தோஷம். அப்பா காலை நடையை விட மாட்டேன் என்கிறாரா? மால் திறந்ததும் உள்ளே நடக்கச் சொல்லுங்கள், இங்கே பெரியவர்கள் பலர் அப்படித்தான் நடக்கிறார்கள்.

பருத்தி பனியன் வியர்வையை வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத கோட். 0 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (மைனஸ் 18 செல்சியஸ்) 15 மைல் காற்று அடித்தால் திறந்த தோல் அரை மணி நேரத்தில் உறையும். மூக்கு நுனி, காது, விரல். வெளுத்து, மரத்துப்போகும். தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் அது தேறுவது இல்லை, மோசமாவது. ஈர உடையைக் கழற்றி முதலில் நெஞ்சையும் வயிற்றையும் சூடாக்க வேண்டும், கை காலை அல்ல. பிராந்தி கொடுக்கவே கூடாது.

டிசம்பர் 23

வருடம் ஒன்று ஆகிறது. இன்று வெளியே பனியே இல்லை.

வில்லியம்ஸ்வில்லில் ஒரு தம்பதி வீட்டுக் கதவை அன்று தென்கொரியச் சுற்றுலாப் பயணிகள் தட்டினார்கள். நயாகரா போகும் வழியில் வேன் சிக்கியது, ஷவல் கிடைக்குமா என்று கேட்டார்கள். டிரைவரோடு பத்துப் பேர். அந்தத் தம்பதி ஷவல் கொடுத்து அனுப்பவில்லை, அத்தனை பேரையும் உள்ளே அழைத்துத் தங்கவைத்தார்கள். கொரியச் சமையல் பிடித்தவர்கள் என்பதால் கிம்ச்சி முதல் எல்லாம் அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது. வந்தவர்கள் சமைக்க, எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சீக்டவாகாவில் வேறொருவர், வீடு வீடாகத் தட்டி இடம் கிடைக்காமல், பள்ளிக்கூட ஜன்னலை உடைத்து உள்ளே போய், கார்களில் சிக்கியவர்களையும் கூட்டிவந்து 24 பேரைக் காப்பாற்றினார். ஜன்னலை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். போலீஸ் அவரைத் தேடியது நன்றி சொல்வதற்காக.

இரண்டையும் சேர்த்து நினைக்கிறேன். ஒரு கதவு திறந்தது, பல கதவுகள் திறக்கவில்லை. பயந்திருப்பார்கள், புரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், புயலுக்கு முன்னாலேயே அக்கம்பக்கத்தில் பெயர் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். போன் நம்பர் வாங்குங்கள். தனியாக இருக்கும் பாட்டி வீடு எது, ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர் வீடு எது, தெரிந்திருக்கட்டும். நம்மில் பலர் இதைச் செய்வதில்லை. தமிழ் வாட்ஸாப் குழுவில் நூறு பேர் இருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. புயல் அன்று அந்த நூறு பேரால் வர முடியாது.

ஜனவரி 13, 2024, மாலை

பிளிசார்ட் வார்னிங். பில்ஸ் இந்த ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணி. நாளை நடக்க வேண்டிய அவர்களுடைய பிளேஆஃப் ஆட்டத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். இந்த ஊரில் ஃபுட்பால் ஆட்டத்தையே தள்ளுகிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ளுங்கள். இன்று இரவிலிருந்து மாவட்டம் முழுக்கப் பயணத் தடை. போன தடவை காலை 9:30-க்கு வந்தது, இப்போது முன்னாலேயே வந்திருக்கிறது. எனக்கு மனசு கொஞ்சம் நிம்மதி.

தம்பி, இன்று இரவு: போன்கள், பவர் பேங்க் சார்ஜ். குக்கரில் சாதம் வைத்து எடுத்துவிடுங்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர். ஷவலை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள், கராஜில் விட வேண்டாம். ஆபீஸுக்கு மெயில் இப்போதே.

ஜனவரி 14

காற்று. கரன்ட் இருக்கிறது. ஃபர்னஸ் குழாயைப் பார்த்துவிட்டேன், அடைக்கவில்லை. தம்பி வீட்டிலும் எல்லோரும் நலம், அம்மா வெண்பொங்கல் செய்ததாக எழுதியிருக்கிறார். நாளை தை பிறக்கிறது, நல்ல காரியம்.

ஜனவரி 16

பில்ஸ் மைதானத்தில் பனி அள்ள மணிக்கு 20 டாலர் கொடுக்கிறார்கள் என்று கேட்டு நம் மாணவர்கள் சிலர் போயிருக்கிறார்கள். இளைஞர்கள், போகட்டும். அப்பாவும் ஷவலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார் என்று தம்பி எழுதியதைப் படித்ததும்தான் எனக்குப் பதறியது.

அவர் கையிலிருந்து அந்த ஷவலை வாங்கிவிடுங்கள். போன தடவை பனி அள்ளும்போது நெஞ்சு அடைத்து இறந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், தூக்கும் வேலை நெஞ்சை அழுத்தும், இரண்டும் ஒரே நேரத்தில். 65 வயதில் சர்க்கரை, பிரஷரோடு செய்கிற வேலை இல்லை. தெருவில் ஸ்னோ ப்ளோயர் (பனியை வாரி வீசும் மெஷின்) வைத்திருக்கும் பையனுக்குப் பணம் கொடுங்கள். நீங்கள் அள்ளுவதாக இருந்தாலும் தூக்காதீர்கள், தள்ளுங்கள். சாப்பிட்ட உடனே போகாதீர்கள். நெஞ்சிலோ தாடையிலோ வலி என்றால் ஷவலைப் போட்டுவிட்டு 911.

நாளையும் ஒரு பேண்ட் வருகிறது என்கிறார்கள். வாசல் முடிந்ததும் உங்கள் வீட்டெதிரே தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் இருந்தால் சுற்றி மூன்று அடிக்குப் பனியை எடுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் அது மூலை வீட்டுப் பெரியவர் வாசலில் இருக்கிறது, அவரால் முடியாது. நான் இப்போது அங்கேதான் போகிறேன்.